ஒரு வண்டி ஐஸும் பம்புசெட் தொட்டியும்

என் வீட்டுக்காரர் நிசார் அஹமதுவுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் அவர் ஃபினிஷிங் மாஸ்டர். பதப்படுத்தி வந்த தோலுக்குக் கடைசியாக நிறமும் மெருகும் ஏற்றுகிற வேலை. வெளிநாட்டுப் பார்ட்டி வந்து எந்த நிறத்தைக் காட்டிக் கேட்டாலும் இருபத்தாறு வருஷமாக "நோ ப்ராப்ளம்" என்றுதான் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு வந்து பத்து நாள் மண்டையை உடைத்துக்கொள்வார். சரி, அது தொழில். வீட்டிலும் அதே கதைதான். மிக்ஸி ஓடவில்லை என்றேன், நோ ப்ராப்ளம் என்றார். போன ரம்ஜானுக்கு முன்னால் பிரித்த மிக்ஸி, இன்றைக்கும் மூன்று டப்பாவில் தனித்தனியாகக் குடித்தனம் நடத்துகிறது.

மிக்ஸியோடு போயிருந்தால் நான் ஏன் இதையெல்லாம் சொல்லப் போகிறேன்? உயிர் வரைக்கும் போய்விட்டது.

அக்டோபரில் ஃபின்லாந்திலிருந்து கிர்ஸ்டி என்று ஒரு அம்மா வந்திருந்தார். பனியில் போடுகிற பூட்ஸ் தைக்கிற கம்பெனிக்காரர். தண்ணீர் ஏறாத தோல் வேண்டும் என்று எங்கள் டேனரிக்கு வந்தவரை இவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும், நிலைப்படியில் குனிந்து வர வேண்டிய உயரம். என் பிரியாணியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதனால் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. கை கழுவியதும் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினார். ஏரி முழுக்க உறைந்து கிடக்கிறது. நடுவில் சதுரமாக வெட்டி ஓர் ஏணி இறக்கியிருக்கிறார்கள். இந்த அம்மா குல்லாவும் நீச்சல் உடையுமாக ஏணியில் இறங்கி, அந்தத் தண்ணீரில் சிரித்துக்கொண்டே நீந்துகிறார்.

"அல்லாவே, இவங்களத் தடுக்க வீட்டுல ஒருத்தரும் இல்லியா?" என்று நான் வாயில் கை வைத்தேன்.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஐ ஆல்சோ ஸ்விம்மர், மேடம். பாலார் ரிவர்!"

பாலாறாம்! எங்கள் பாலாற்றில் பாதி நாள் கிரிக்கெட்தான் ஆடலாம். எப்போதோ ஒரு வருஷம் வெள்ளம் வந்தால் பாலத்தின்மேல் நின்று ஊரே செல்ஃபி எடுக்கும். இவர் நீந்தியது சின்ன வயதில் ஏதோ ஒரு கிணற்றில், அதுவும் வெயில் காலத்தில். பாவம், கிர்ஸ்டிக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? கை தட்டிவிட்டார். பிப்ரவரியில் தோலைச் சோதித்துப் பார்க்க இவர் எப்படியும் அங்கே போக வேண்டும். அப்போது இரண்டு பேரும் சேர்ந்தே ஏரியில் இறங்கலாம் என்றார். நோ ப்ராப்ளம் என்றார் இவர்.

ஒரே வாரத்தில் டீக்கடையிலிருந்து பள்ளிவாசல் தெரு வரைக்கும் செய்தி பரவியது. பரப்பியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. "இன்னா ஐஸ் மாஸ்டர், எப்போ கெளம்புறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. இவரும் மீசையை நீவிக்கொண்டே பதில் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜனவரியில் கிர்ஸ்டி ஒரு நீளமான மெசேஜ் அனுப்பினார். ஏரிக்கு வருகிறவர் கட்டாயம் படிக்க வேண்டியது என்று மேலே போட்டிருந்தது. இவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையைப் பதிலாக அனுப்பிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான்தான் ஃபோனிலேயே தமிழாக்கிப் படித்தேன். 

முதல் ஒரு நிமிஷம்தான் ரொம்ப ஆபத்தாம். குளிர் பட்டதும் நம்மைக் கேட்காமலே வாய் திறந்து மூச்சை உள்ளே இழுக்குமாம். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். அதனால் குதிக்கவே கூடாது. ஏணியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை நிதானமாக வெளியே விட்டபடி படிப்படியாக இறங்க வேண்டும். மூச்சு கட்டுக்கு வராவிட்டால் அப்படியே ஏறிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது, எப்பேர்ப்பட்ட நீச்சல்காரருக்கும் இதுதான் கதி. தனியாக இறங்கவே கூடாது, கரையில் ஓர் ஆள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கலாம் போலத் தோன்றும்போதே ஏறிவிட வேண்டும். ஏறினதோடும் முடியவில்லை. உடம்பு அதற்குப் பிறகும் குளிர்ந்துகொண்டே போகும், பத்து நிமிஷம் கழித்துத்தான் நடுக்கம் உச்சத்துக்குப் போகும். அதனால் உடனே துவட்டி, உலர்ந்த துணியும் குல்லாவும் போட வேண்டும். கொதிக்கிற வெந்நீரில் போய் நின்றால் மயக்கம் வந்து விழலாம். சர்க்கரை போட்ட சூடான பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம் ஃபோனை நீட்டினேன். "இதப் படிச்சீங்களா?"

"படிச்சேன், படிச்சேன்."

"இன்னா போட்டிருக்கு?"

"குளுரும்னு போட்டிருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபோனைக் கட்டிலில் எறிந்தேன். "உசுரு போவும்னு போட்டிருக்குங்க! முடியலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா இன்னா? அந்தம்மா இன்னா உங்களக் கடிச்சா துன்னுடப் போறாங்க?"

"கஸ்டமர்கிட்ட முடியாதுன்னு சொல்றவன் நான் இல்ல, தில்ஷாத்."

"இது கலர் இல்ல, உங்க உசுரு!"

"நீ ஜாஸ்தி பயப்படுற" என்று சட்டையை மாட்டினார்.

எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒரே மகளையும் கட்டிக் கொடுத்து பெங்களூருக்கு அனுப்பியாகிவிட்டது. வாய் ஓயாத இந்த மனிதர்தான் எனக்கு வீடு. எங்கேயோ உறைந்த ஏரியில் இவர் வீராப்புக்காகக் குதித்துப் போய்ச் சேர்ந்தால், நான் இந்த மூன்று டப்பா மிக்ஸியோடு என்ன செய்வேன்? அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அழுதால் கேட்க மாட்டார் என்று கோபத்தை வைத்துக்கொண்டேன்.

"சரி. மொதல்ல இங்க, என் கண்ணு முன்னாடி ஐஸ் தண்ணியில எறங்கிக் காட்டுங்க. முடிஞ்சா போங்க. முடியலன்னா உங்க வாயாலயே அந்தம்மாகிட்டச் சொல்லணும். சம்மதமா?"

என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இவருடைய தோஸ்த் செல்வகுமார் அண்ணன் அதே டேனரியில், தோலைத் தண்ணீரோடு சுழற்றிப் பதப்படுத்துகிற ட்ரம் செக்ஷனுக்குச் சூப்பர்வைசர். சோளிங்கர் போகிற வழியில் அவர் மாமனாருக்கு நிலமும், பம்புசெட்டை ஒட்டி ஒரு சிமெண்ட் தொட்டியும் இருந்தன. பத்தடி நீளம், ஐந்தடி அகலம், இவர் கழுத்தளவு ஆழம், ஒரு மூலையில் இறங்கப் படி. டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் ராணிப்பேட்டை ஐஸ் ஃபேக்டரியிலிருந்து ஒரு டாடா ஏஸ் நிறைய ஐஸ் பார் வந்து இறங்கிற்று. உமி தூவி, கோணி போர்த்திய இருபத்தைந்து பார். "ஊட்ல எதுனா விசேஷமா?" என்று டிரைவர் கேட்டார். அவருக்கு என்னவென்று பதில் சொல்வது?

ஒவ்வொரு பாராகத் தொட்டியில் தள்ளினார்கள். ட்ரம் தண்ணீரின் சூடு பார்க்கிற தெர்மாமீட்டரைச் செல்வகுமார் அண்ணன் கையோடு கொண்டுவந்திருந்தார். ஐஸ் பெரும்பாலும் கரைந்த பிறகு விட்டுப் பார்த்தார். "எட்டு டிகிரி, மாஸ்டர்!" என்றார், தோலுக்குப் பதம் சொல்கிற அதே குரலில். நான் விரலை விட்டேன். எலும்பு வலித்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால், இவர் மோட்டார் ரூமிலிருந்து அரை டிராயரோடு வருகிறார். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் உடம்பு பளபளவென்று மின்னுகிறது.

"இன்னாங்க இது?"

"நம்ம வாட்டர் ப்ரூஃப் கலவை" என்றார் பெருமையாக. தோலுக்கு ஏற்றுகிற எண்ணெயையும் மெழுகையும் ஏதோ கணக்கில் கலந்து, உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டிருக்கிறார். முழங்கையில் தண்ணீர் தெளித்துக் காட்டினார். முத்து முத்தாக உருண்டு விழுந்தது. "பாத்தியா? ஒரு சொட்டு ஏறல."

"தண்ணி ஏறாது, சரி. குளுரு?"

"தண்ணியே ஏறலன்னா குளுரு எப்புடி ஏறும்? மாட்டுத் தோலுக்கு ஒத்துக்குறது எனக்கு ஒத்துக்காதா?"

கிர்ஸ்டியின் மெசேஜில் எண்ணெய் பூசுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படி ஒரு யோசனை யாருக்காவது வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். தலையில் அடித்துக்கொண்டேன். இடுப்பில் கயிறு கட்டச் சொன்னேன். கிர்ஸ்டிக்கு அனுப்பப் போகிற வீடியோவில் அசிங்கமாகத் தெரியுமாம், வேண்டாம் என்றுவிட்டார். அதையாவது நான் விடாமல் கட்டியிருக்க வேண்டும். செல்வகுமார் அண்ணன் இவர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு தொட்டி ஓரத்தில் நின்றார்.

"குதிக்கக் கூடாது. படியில மெதுவா எறங்கணும். நான் கூப்ட்டா பதில் சொல்லணும். சரியா?" என்றேன்.

"சரி சரி."

"பிஸ்மில்லா" என்றார். நான் படியைக் காட்டுவதற்குள் சுவர்மேல் ஏறி, கேமராவைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, தொபுக்கென்று குதித்துவிட்டார்.

தண்ணீர் என் முகத்தில் அறைந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தால் அவர் தலை மேலே வந்திருந்தது. வாய் ஆவென்று திறந்திருந்தது. சத்தம் இல்லை. கண் இரண்டும் பிதுங்கி, எதையும் பார்க்காமல் நின்றன. இருமல் மாதிரி ஒன்று வந்து, வாயிலிருந்து தண்ணீர் கொட்டிற்று.

"சூப்பர் ஜம்ப், மாஸ்டர்! அப்டியே ஒரு ரவுண்டு அடிங்க!" என்றார் செல்வகுமார் அண்ணன், ஃபோனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"என்னாங்க! என்னாங்க, பேசுங்க!" என்று கத்தினேன்.

பதில் இல்லை. இருபத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் இவர் வாய் மூடி இருந்து நான் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூட யாருக்கோ தோல் விற்றுக்கொண்டிருப்பார். 

"அண்ணே, அவருக்கு முடியல! ஃபோனப் போட்டுட்டுப் புடிங்க!"

செல்வகுமார் அண்ணன் அப்போதுதான் ஃபோனைத் தாண்டிப் பார்த்தார். ஃபோனை உமிக் குவியலில் போட்டார். இரண்டு பேரும் குப்புறப் படுத்துக் கையை நீட்டினோம். கழுத்தளவுத் தண்ணீர்தான், காலை ஊன்றினால் நிற்கலாம். ஆனால் கால் எங்கே ஊன்றியது? மடங்கி மடங்கிப் போனது. அவர் கை என் கைக்கு வந்தது. பிடித்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடியும் பிடித்தேன், விலாங்கு மீன் மாதிரி நழுவிற்று. செல்வகுமார் அண்ணன் தோளைப் பிடித்தார், அக்குளில் கை கொடுத்தார், எதுவும் நிற்கவில்லை. ஒரு சொட்டு ஏறாத கலவை, எங்கள் விரலையும் ஏறவிடவில்லை. "பாபி, வழுக்குது பாபி!" என்று அவர் என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தார். என் கண் முன்னாலேயே இவர் தலை ஒரு தடவை தண்ணீருக்குள் போய் வந்தது.

யா அல்லாஹ், எனக்கு எப்படித் தோன்றியதோ! கல்யாணமான புதிதில் டேனரிக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். ட்ரம்மிலிருந்து எடுக்கிற ஈரத்தோல் எண்ணெய் ஊறி வழுக்கும். வெறுங்கையில் யாரும் பிடிக்க மாட்டார்கள், கோணியைப் போட்டுத்தான் இழுப்பார்கள். ஐஸ் மூடி வந்த கோணிகள் என் காலடியில் கிடந்தன.

"கோணி, அண்ணே! கோணியப் போட்டுப் புடிங்க! தோல இழுக்குற மாதிரி!"

அதைச் சொன்னதும் செல்வகுமார் அண்ணனின் கை தானாக வேலை செய்தது. பதினைந்து வருஷம் செய்த வேலை. ஒரு கோணியை அக்குளுக்குள் விட்டு முறுக்கிப் பிடித்தார், நான் இன்னொன்றை மறுபக்கம் விட்டேன். "ஹே... இழு!" என்று அவர் குரல் கொடுக்க, என் வீட்டுக்காரர் சுவர்மேல் வந்து, அங்கிருந்து உமிக்குள் பொத்தென்று விழுந்தார். உடம்பெல்லாம் உமி ஒட்டிக்கொண்டது. இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார். பிறகு மூச்சு வந்தது. எனக்கும் அப்போதுதான் வந்தது.

துவட்டலாம் என்று துண்டைப் போட்டால் துண்டும் வழுக்கியது. கோணியாலேயே எண்ணெயையும் உமியையும் வழித்தெடுத்து, ஈர டிராயருக்கு மேலே வேட்டியைச் சுற்றி, டிராயரை உருவச் சொன்னேன். தலைக்குச் செல்வகுமார் அண்ணனின் குரங்கு குல்லா. உடம்புக்கு என் ரோஸ் ஸ்வெட்டர். முழங்கையோடு நின்றுவிட்டது, பொத்தான் ஒன்றும் சேரவில்லை. அதன்மேல் இரண்டு போர்வை.

"நல்லாதான் இருக்கேன்" என்று முனகினார். "வீட்டுக்குப் போயி சுடுதண்ணி ஊத்திக்கினா..."

"வாயத் தொறக்காதீங்க! சுடுதண்ணி கெடையாது. இனிமேதான் இருக்கு" என்று வரப்பில் உட்கார வைத்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிர்ஸ்டி எழுதினபடியே நடந்தது. எட்டாவது நிமிஷம் நடுக்கம் ஆரம்பித்தது. பல் தந்தியடித்தது. ஃப்ளாஸ்கில் கொண்டுவந்திருந்த சர்க்கரை டீயை ஊற்றிக் கொடுத்தால், டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்து வாய் வாயாகக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் பிசுபிசுப்புப் போகவில்லை.

"தில்ஷாத்... பயந்துட்டேன்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் கேட்டதும் சந்தோஷமாக இல்லை. பாவமாக இருந்தது. போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

செல்வகுமார் அண்ணன் ஃபோனைத் தேடி எடுத்துக்கொண்டு மெல்ல வந்தார். உமியில் சாய்ந்து கிடந்தபடியே எல்லாவற்றையும் அது பதிவு செய்திருந்தது. "மாஸ்டர், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. மொதல் நாலு செகண்டு அம்சமா வந்திருக்கு. கையசைக்கிறீங்க, குதிக்கிறீங்க. அத்தோட வெட்டிட்டா ஒருத்தருக்கும் தெரியாது. அந்த மேடமும் அசந்துடுவாங்க."

நான் எழுந்து அவரை நாலு கேட்டிருப்பேன். ஆனால் கேட்கவில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு செகண்டு மட்டும் கிர்ஸ்டிக்குப் போனால் இவரும் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் அந்த ஏரியில் குதிப்பார், அங்கே நானும் இல்லை, கோணியும் இல்லை. இவர் வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். மீசைக்குக் கை போயிற்று. 

பிறகு, முழு வீடியோவையும் கிர்ஸ்டிக்கு அனுப்பினார். எண்ணெய்ப் பளபளப்பு, கோணி, உமி, ரோஸ் ஸ்வெட்டர் எல்லாம் சேர்த்து.

அங்கே விடிகாலையாக இருக்கும். கால் மணி நேரத்தில் கிர்ஸ்டி கூப்பிட்டார். இவர் ஸ்பீக்கரில் போட்டார். அவர் பேசுவதற்கு முன்னாலேயே, "மேடம், ஐ கான்ட். ஐ ஃபியர்" என்றார். சொல்லிவிட்டு, யாரோ அடிக்கப் போகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

கிர்ஸ்டி முதலில் திட்டினார். ஏன் குதித்தாய், யார் உன்னை எண்ணெய் பூசச் சொன்னது என்று ஐந்து நிமிஷம். அந்த அம்மாவை எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. பிறகு குரல் இறங்கியது. செல்வகுமார் அண்ணன் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கிர்ஸ்டியோடு வருஷக்கணக்காக ஏரிக்கு வந்த சிநேகிதி வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாராம். கரையில் நிற்க ஆள் இல்லாமல் இந்தக் குளிர் காலம் முழுக்க அவர் தண்ணீரில் இறங்கவே இல்லையாம். "நீ இறங்க வேண்டாம். துண்டை வைத்துக்கொண்டு கரையில் நில். நான் பதில் சொல்லாவிட்டால் என்னை இழுத்துப் போட வேண்டும். என் உயிர் உன் கையில் இருக்கும். உன்னால் முடியுமா?" என்று கேட்டார்.

இவர் வாயைத் திறந்தார். எனக்கு அந்த வாய் தெரியும். எந்த இரண்டு சொல் வரப் போகிறது என்பதும் தெரியும். கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

வரவில்லை. கண்ணைத் திறந்தால் இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல, மேடம்" என்று முதலில் தமிழிலேயே சொன்னார். பிறகு நிதானமாக இங்கிலீஷில், "ஐ டோன்ட் நோ. மை வைஃப் டீச் மீ. ஐ லேர்ன், தென் ஐ கம்" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் துடைத்தேன். ஒரு கோணியை உதறி எடுத்து இவர் கையில் திணித்தேன்.

"ஒடம்பு தேறுனதும் இன்னிக்கே ஆரம்பிக்கலாம். தண்ணி இன்னும் ஜில்லுனுதான் இருக்கு. அண்ணே, நீங்க எறங்குங்க, அவரு இழுத்துப் பழகட்டும்."

திரும்பிப் பார்த்தேன். செல்வகுமார் அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாதி வரப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.